தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் தேர்வு

எங்கள் டன்வேல் ஊரில் கூரைக்கடியில் இருக்கிற நீச்சல் குளத்தின் தண்ணீர் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமிக்குள் போய்விட்டது. சனிக்கிழமை மாலை வரை பிள்ளைகள் குதித்துக் கும்மாளமடித்த குளம் அது. திங்கள் காலை நாங்கள் துண்டும் ரப்பர் தொப்பியுமாகப் போய் நின்றபோது ஒரு பக்கெட் அளவுத் தண்ணீரும், யாரோ தொலைத்த மூக்குக் கண்ணாடியும், ஒரு பல் செட்டும் மட்டும் அடியில் கிடந்தன. பல் செட் தன்னுடையது இல்லை என்று எங்களில் ஒருவரான இர்வின் மூன்று தடவை சொன்னார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

நகரசபை ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். ஆழமான பக்கத்தில், ஒரு ஆள் கையை விடுகிற அகலத்துக்கு விரிசல். நிலம் பாறையாக உறைந்து கிடக்கும்போது தோண்ட முடியாது, வசந்தம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் வசந்தம் என்றால் ஏப்ரல் கடைசி. அதுவும் அதற்கு மனது வந்தால்.

எங்களுடையது தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று கையைக் காலை ஆட்டுவோம். மூட்டு தேய்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய என் முழங்கால்களுக்கு அது சாமி கொடுத்த வரம். வகுப்பை நடத்துபவர் தோரா ஆஸ்லண்ட். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. நிமிர்ந்து நின்றால் கொடிக்கம்பம். வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று அவரும் அலைந்து பார்த்தார். பள்ளிக்கூட அரங்கம் காலையில் கிடைக்காது. மாதா கோயில் கூடத்தில் குழந்தைகள் காப்பகம். கல்லை வழுக்கவிட்டு விளையாடுகிற கர்லிங் அரங்கம் முழுக்க ஐஸ். எல்லாவற்றுக்கும் மேல், வகுப்புக்கான காப்பீடு குளத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் செல்லுமாம். குளத்துக்கு வெளியே யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டால் யாரும் பொறுப்பில்லை.

மறு புதன்கிழமை தோரா குளத்தின் ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்தார்.

"தண்ணி போச்சு, சரி. குளம் எங்கயும் போகலையே? இறங்குங்க," என்றார்.

இறங்கினோம்.

குளத்துக்குள் ஆள் இருந்தால் மேலே உயிர்காப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது விதி. எங்கள் உயிர்காப்பாளர் வென்டல். ஐம்பது வயது. தன் உயரமான நாற்காலியைத் தேவாலய மேடை போல் மதிக்கிறவர். அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். விதிகள் எல்லாம் முன்போலவே நடக்கும் என்று அறிவித்தார். ஓடக்கூடாது, தலைகீழாகக் குதிக்கக்கூடாது, நீச்சலுடை கட்டாயம், இறங்குமுன் குளியல் கட்டாயம். வெளியே மைனஸ் முப்பது. தண்ணீர் இல்லாத குளம் ஐஸ்பெட்டி போல இருந்தது. அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு குளியலை உள்ளங்கால் நனைப்பதாகக் குறைத்துக்கொண்டார். நீச்சலுடை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் அதற்குள்ளே என்ன போடக்கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் நீச்சலுடை. இர்வின் பூப்போட்ட அரை டிராயரைப் பனிக்காலப் பேண்ட்டுக்கு மேல் ஏற்ற முடியாமல் பக்கவாட்டில் கிழித்து ஊக்கு குத்திக்கொண்டு வந்தார்.

பயிற்சி மாறவில்லை. தண்ணீர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, அது தடுக்கிற மாதிரியே மெதுவாகக் கையைத் தள்ள வேண்டும், மெதுவாகக் காலைத் தூக்க வேண்டும். வேகமாக ஆட்டினால் தோராவுக்குக் கோபம் வரும். நீ என்ன காற்றிலா நிற்கிறாய் என்று கேட்பார். முதல் வாரம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இரண்டாம் வாரம் தொடை எரிந்ததில் சிரிப்பு நின்றது. ஒரு காலைத் தூக்கி, இல்லாத தண்ணீரில் அப்படியே நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

ஓரெஸ்ட் ஹ்நாட்யுக் எங்களோடு வந்து சேர்ந்தது அந்த இரண்டாம் வாரத்தில்தான்.

ஓரெஸ்ட் என் பக்கத்து வீட்டுக்காரர். டிராக்டர் பழுது பார்த்துப் பிழைத்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நெட்டி என் தோழி, எங்கள் வகுப்பின் மிகப் பழைய ஆள், ஆழமான பக்கத்தில் மீன் மாதிரி இருப்பாள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரெஸ்ட் ஒரு மணி நேரமும் வண்டியிலேயே ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருப்பார். டோனட் தின்பார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏறிக்கொண்டே போக, கிளினிக் நர்ஸ் அவரை எச்சரித்துவிட்டார். நடக்க முழங்கால் விடாது. தண்ணீருக்குள் இறங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தார். ஓரெஸ்ட் சிறுவயதில் பண்ணைக் குட்டையில் விழுந்து மூச்சு நின்றுபோய்த் தூக்கப்பட்டவர். அன்றிலிருந்து குளியல் தொட்டியில்கூட உட்கார்ந்ததில்லை. சாவதென்றால் உலர்ந்த இடத்தில் சாகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது குளமே உலர்ந்துபோனது. நெட்டி அவரை விடவில்லை. ஏணிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, தரையைக் கால் கட்டைவிரலால் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓரெஸ்ட் இறங்கினார்.

"ஹில்டா, இது உள்ள ஒண்ணும் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல. ஆனா தோராகிட்ட அப்படிச் சொல்லிடாத," என்றேன்.

ஒரு மாதத்துக்குள் அவருக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மாடிப்படி ஏறும்போது இளைப்பு இல்லை. ராத்திரி எழுந்து உட்காராமல் தூங்கினார். அவர் மட்டும் இல்லை, ஊரே வந்தது. ஒன்பது பேராக இருந்த வகுப்பு நாற்பதாயிற்று. தண்ணீருக்குப் பயந்தவர்கள், தலைமுடி நனையக்கூடாதவர்கள், காதில் சீழ் உள்ளவர்கள், உடம்பை நீச்சலுடையில் காட்டக் கூசியவர்கள், எல்லாருக்கும் இப்போது தடை நீங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்கத் திரையை மூடிக்கொண்டு தொலைக்காட்சி முன் தனியாக உட்கார்ந்திருந்தவர்கள், ஸ்வெட்டருக்கு மேல் பிகினி போட்டுக்கொண்டு வெட்கமில்லாமல் சிரித்தார்கள். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் குளத்துக்குள்ளேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிளாஸ்க் காபி குடிப்போம். குளத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று வென்டல் விசில் அடிப்பார். காபி பானம்தானே என்று இர்வின் வாதாடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரே விபத்து இர்வினுக்குத்தான். ஆழமான பக்கத்தில் நின்று காலை உதைத்தவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கிக் கத்தினார். வென்டல் எழுந்தார். இருபது வருடமாக அவர் காத்திருந்த தருணம் அது என்று நினைக்கிறேன். முதலில் காப்பு வளையத்தை வீசினார். அது நேராக இர்வினின் நெற்றியில் பட்டு அவரைக் கீழே சாய்த்தது. பிறகு வென்டல் ஏணி வழியாக இறங்கிப் போய், பின்னாலிருந்து அவர் மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, முறைப்படி முதுகுப்புறமாகச் சரிவில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"விடுய்யா, எனக்கு நடக்க வரும்," என்றார் இர்வின்.

"முங்குறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. தலைய மேல வெச்சுக்குங்க," என்றார் வென்டல்.

கரையில் போட்டு மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வந்தது, கெட்ட வார்த்தைகளோடு. நெற்றியில் மூன்று தையல். வென்டல் ஒரு வாரம் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

ஓரெஸ்டுக்கு வந்த சிக்கல் கயிற்றால். எங்கள் குளத்தில் ஆழம் தொடங்குகிற இடத்தில் மிதவைக் கயிறு ஒன்று குறுக்கே கட்டியிருக்கும். நீச்சல் தேர்வில் தேறாதவர்கள் அதைத் தாண்டக்கூடாது. தண்ணீர் போன பிறகு மிதவைகள் தரையில் கிடந்தன. கயிறு கயிறுதான் என்றார் வென்டல். கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் தரை சரிந்து போகிறது, அந்தச் சரிவில் ஏறி இறங்குவதுதான் இதயத்துக்கு நல்ல வேலை. நெட்டி அங்கே ஏறி இறங்கினாள். ஓரெஸ்ட் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஒருநாள் பேச்சு மும்முரத்தில் மிதவையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார். விசில் பறந்தது.

"ஓரெஸ்ட், உங்களுக்கு நீச்சல் தெரியாது. அங்க போனா நான் பொறுப்பு இல்ல."

"இங்க எங்கடா இருக்கு தண்ணி?"

"தண்ணி இருக்கா இல்லையாங்கறது நகரசபை விஷயம். ஆழம் ஆழம்தான்."

ஓரெஸ்டுக்கு அவமானமாகப் போயிற்று. கோபத்தில் மூன்று வகுப்புகளுக்கு வராமல் இருந்தார் என்று நெட்டி சொன்னாள். நாலாம் வகுப்புக்கு வந்து, நீச்சல் தேர்வுக்கு வேண்டுமானாலும் நிற்கிறேன், வை என்றார். வென்டல் யோசித்தார். ஒரு மனிதன் தேர்வு கேட்டால் மறுக்க விதியில் இடமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கிற முதல் தேர்வை வைப்பதாகச் சொன்னார். குளத்தின் நீளம் முழுக்க ஒருதரம் நீந்த வேண்டும், ஆழத்தில் ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்க வேண்டும். தேறினால் தவளைப் படம் போட்ட துணி வில்லை கிடைக்கும்.

டிராக்டருக்கு அடியில் படுத்து நகர்வதற்கு ஓரெஸ்டிடம் ஒரு சக்கரப் பலகை உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து, அதன்மேல் குப்புறப் படுத்தார். நாற்பது பேர் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். இரண்டு கையாலும் தரையைத் தள்ளி நன்றாகவே புறப்பட்டார். ஆனால் அவர் மறந்தது சரிவை. கயிற்றைத் தாண்டியதும் பலகை தானாகவே ஓட ஆரம்பித்தது. ஓரெஸ்ட் உக்ரேனிய மொழியில் கத்திக்கொண்டே போய், விரிசலை மூடி அடுக்கியிருந்த பஞ்சு மெத்தைகளுக்குள் மூழ்கி மறைந்தார்.

வென்டல் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். தேறவில்லை என்றார். வேகமாகப் போனதற்காக இல்லை. வழி முழுக்க வாயைத் திறந்துகொண்டே போனதற்காக. தண்ணீருக்குள் அப்படி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஓரெஸ்டிடமே கேட்டார். மெத்தைகளுக்குள்ளிருந்து மறுபடி உக்ரேனிய மொழிதான் வந்தது.

அதன் பிறகு ஓரெஸ்ட் மாறிப்போனார். வீட்டு ஹாலில் தரை விரிப்பின்மேல் குப்புறப் படுத்து, நெட்டி எண்ணிக்கை சொல்ல, மூன்று வீச்சுக்கு ஒருதரம் தலையை இடது பக்கம் திருப்பி மூச்சு இழுத்துப் பழகினார். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். டோனட் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். மூச்சு கனக்கிறது என்று காரணம் சொன்னார்.

இரண்டாவது முறை அவர் ஆழத்திலிருந்து மேல்நோக்கிப் புறப்படக் கேட்டார். விதியில் திசை சொல்லியிருக்கவில்லை, வென்டல் ஒப்புக்கொண்டார். சரிவில் பலகையைக் கையால் தள்ளி ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி வழுக்கினார். முகம் பீட்ரூட் ஆயிற்று. ஆனால் மூன்று வீச்சுக்கு ஒருதரம் தலை இடது பக்கம் திரும்பியது, வாய் கோணி மூச்சை இழுத்தது. பாதியில் யாரோ கை தட்டப் போக, தோரா முறைத்து நிறுத்தினார். எதிர்ச் சுவரை அவர் விரல் தொட்டபோது நெட்டி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

மிதப்பது பாக்கி. பலகையைத் திருப்பி ஆழத்துக்குக் கொண்டுபோய் அதில் மல்லாந்து படுத்தார். ஒரு நிமிடம் ஆன பிறகும் எழவில்லை. களைப்பில் தூங்கிவிட்டிருந்தார், குறட்டையோடு. வென்டல் வெகுநேரம் கவனித்துப் பார்த்தார்.

"மிதக்குறப்ப இவ்வளவு தளர்வா இருக்குறவங்கள நான் பாத்ததே இல்ல," என்று சொல்லி வில்லையைக் கொடுத்தார்.

நெட்டி தவளையை அவர் நீச்சல் டிராயரில் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே சரிவில் ஏறி இறங்கினார்கள். மார்ச்சில் நர்ஸ் அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து இரண்டாம் முறை எடுக்கச் சொன்னாராம். சர்க்கரை இறங்கியிருந்தது, கொதிப்பு அடங்கியிருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு நீந்துகிறேன் என்றார் ஓரெஸ்ட். குளத்தில் தண்ணீர் இல்லையே என்றார் நர்ஸ். அதனால்தான் நீந்துகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். நர்ஸ் நெட்டிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருக்கு ஞாபகமறதி ஏதாவது உண்டா என்று விசாரித்தார்.

ஏப்ரல் கடைசியில் நிலம் இளகியது. வகுப்பு இல்லாத நாட்களில் ஆட்கள் வந்து விரிசலை அடைத்தார்கள். மழை பொய்த்த வருடம், ஊர்க் கிணற்றில் தண்ணீர் குறைவு. அதனால் ஒரே ஒரு ரப்பர் குழாயைப் போட்டுச் சிறுகச் சிறுக நிரப்பினார்கள். வகுப்பு நிற்காது என்றார் தோரா.

தண்ணீர் முதலில் ஆழத்தில்தான் தேங்கியது. ஒவ்வொரு வகுப்புக்கும் கரை கொஞ்சம் மேலே ஏறி வந்தது. பழைய ஆட்கள் ஒன்பது பேரும் ஆவலோடு உள்ளே போனோம். போய்ப் பார்த்தால் எங்களுக்கே பிடிக்கவில்லை. ஆறு மாதம் இல்லாத தண்ணீரோடு பழகியவர்களுக்கு, இருக்கிற தண்ணீர் இடைஞ்சலாக இருந்தது. குளிர்காலப் புதியவர்களோ கரை ஏற ஏறப் பின்வாங்கினார்கள். கடைசியில் முப்பது பேரும் ஆழமில்லாத பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி, ஒருவர் முழங்கை ஒருவர் மூக்கில் இடிக்க நின்றார்கள். தண்ணீர் பாதத்தைத் தொட்ட அன்று இர்வின் தலைமையில் ஏறி வெளியே போனார்கள். பழைய ஆளான இர்வின் ஏன் போகிறார் என்று கேட்டால், நனைந்தால் தையல் போட்ட இடம் வலிக்கிறது என்றார். கர்லிங் அரங்கத்தில் ஐஸ் உருகி வெறும் தரையாகிவிட்டிருந்தது. அங்கே போய், ஐஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வழுக்காமல் நடக்கிற வகுப்பைத் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. நல்ல கூட்டம் என்று கேள்வி.

ஓரெஸ்ட் மட்டும் குளத்தில் நின்றார். கணுக்கால், முட்டி, தொடை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் என்று என்னிடம் முணுமுணுப்பார். போய்விடேன் என்றால் போக மாட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்த அன்று வென்டல் நாற்காலியிலிருந்து இறங்கி, ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு ராத்திரியாக அவருக்குத் தூக்கம் இல்லையாம்.

"ஓரெஸ்ட், அந்தத் தவளை இதுக்குச் செல்லாது."

"நீதானே குடுத்த?"

"நான்தான் குடுத்தேன். அப்ப தண்ணி இல்ல."

"ஆழம் ஆழம்தான்னு சொன்னியே."

வென்டல் தரையைப் பார்த்தார். நீங்கள் மூழ்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்றார், மிகவும் தணிந்த குரலில். ஓரெஸ்ட் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வென்டலின் தோளை ஈரக் கையால் தட்டிக் கொடுத்தார். கடைசியில், தவளை டிராயரிலேயே இருக்கலாம், கயிற்றைத் தாண்டுவதில்லை என்று பேசி முடித்தார்கள்.

குளம் நிறைந்த திங்கள்கிழமை. தண்ணீர் ஓரெஸ்டின் நெஞ்சில் நின்றது. மிதவைக் கயிறு ஆறு மாதத்துக்குப் பிறகு மிதந்தது. அந்தப் பக்கம் நெட்டி. ஓரெஸ்ட் ஒவ்வொரு அடியாகக் கயிறு வரை நடந்து வந்து நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நெட்டி நீந்தி வந்து எதிரே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு விடு ஓரெஸ்ட். தரை விரிப்புல படுத்தே மூச்சு விடப் பழகுன ஆளு நீ," என்றாள்.

அவர் மூச்சு விட்டார். பிறகு தலையை இடது பக்கம் திருப்பி இன்னொருதரம் மூச்சு இழுத்தார், நீந்தாமலே. நெட்டி கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். வென்டல் கூரையைப் பார்த்தார். கை கயிற்றைத் தாண்டலாமா என்று விதியில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை போலிருந்தது.

"அங்க ரெண்டு பேரும் என்ன நிக்கிறீங்க? முட்டியத் தூக்குங்க," என்று தோரா குரல் கொடுத்தார்.

தூக்கினார்கள்.

அன்று ஓரெஸ்ட் காபிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை தூங்கினார் என்று நெட்டி சொன்னாள். புதன்கிழமை நாங்கள் போனபோது அவர் எங்களுக்கு முன்னால் வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார்.